ரெண்டாயிரத்தெழுநூறு மேல

குன்னூர் மார்க்கெட்டில் என் பாத்திரக் கடைக்கும் ரசியாவின் ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் அவள் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் ரேடியோ மாதிரி கேட்கும். ஒரே வித்தியாசம், இந்த ரேடியோவை நிறுத்த முடியாது. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பது என் காது செய்கிற வேலை. அதற்கு நான் பொறுப்பில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம், அவள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னோட ஸ்டால் ரொம்பச் சின்னதுங்க. இதை வெச்சுட்டு ஒண்ணும் பண்ண முடியாது. பெருசு பண்ணியே ஆகோணும்."

அவள் கடைக்கு முன்னால் சாலை, பின்னால் மலை, அந்தப் பக்கம் மாடிப்படி. பெருசு பண்ணுவதென்றால் என் பக்கம் வந்தால்தான் உண்டு. அன்றைக்கே கடையில் இருந்த அலுமினிய அண்டாக்களையெல்லாம் தகரத்தை ஒட்டி அடுக்கி ஒரு கோட்டை கட்டினேன். அவளோடு பேச்சையும் நிறுத்தினேன். டீ சொல்லட்டுமா என்று அவள் கேட்டால், பிறந்ததிலிருந்தே டீ குடித்தறியாதவன் மாதிரி சாலையைப் பார்த்தேன்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே என் கடைப் படியேறி வந்தாள். அவளுக்குப் படி ஏறுவது சுலபமில்லை. இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் சூம்பிப் போனது. இரும்புக் காலிபர் மாட்டித்தான் நடப்பாள்.

"ஏனுங்கண்ணா, மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க? நான் என்ன பண்ணுனேன்?"

கேட்டே விட்டேன், ஸ்டாலைப் பெருசாக்க என் கடைதான் கிடைத்ததா என்று. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அண்டாக் கோட்டையைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் என் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கினாள், ஸ்டால் என்று அவள் சொன்னது கடையை இல்லை, அவள் காருக்குள் இருக்கும் ஒரு சமாச்சாரத்தை.

ரசியாவைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தக் காரைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவள் அத்தா அபுபக்கர் குடை விற்ற அதே கடையில் இப்போது அவள் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்கிறாள். முப்பது வயது வரைக்கும் அவளை யாராவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவார்கள், அவளாக எங்கேயும் போனதில்லை. காரோட்ட வேண்டுமென்றால் கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டுமே. பிறகு எங்கள் ஊருக்கும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் வந்தன. அவள் புருஷன் தவ்பீக், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கிக் கொடுத்து, உரிமமும் வந்த பிறகு, தனியாக வெலிங்டன் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வா என்று சாவியைக் கையில் கொடுத்தான். வெலிங்டன் இங்கிருந்து கூப்பிடு தூரம். காலையில் போனவளைச் சாயங்காலம் வரை காணோம். எமரால்டு அணை வரைக்கும் போய்விட்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, வண்டியைத் திருப்புகிற மாதிரி ஓர் இடமே கண்ணில் படவில்லை என்றாள். இந்த மலையில் திருப்பத்துக்கா பஞ்சம்.

தவ்பீக் பரம சாது. இங்கேயே பிறந்து வளர்ந்தும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிற ஆள், எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பான். அவனுக்கு வாய்த்தவள் வளைவு என்றால் உயிரை விடுகிறவள்.

அந்தச் சின்ன கார் அவளுக்கு ரொம்ப நாள் தாங்கவில்லை. எஸ்டேட் மேனேஜர் ஒருவர் மாற்றலாகிப் போனபோது விட்டுப்போன ஆறு சிலிண்டர் ஆட்டோமேட்டிக் வண்டியைப் பிடித்தாள். நீளமான கறுப்பு வண்டி. மார்க்கெட்டில் அதற்குக் கப்பல் என்று பெயர். அதைக் கடை முன்னால் நிறுத்தினால் என் கடைக்கு வெளிச்சம் வராது. அதைப் பற்றி நான் அவளிடம் சொல்லாத நாளில்லை. அவள் கேட்ட நாளும் இல்லை.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். ஜெகதளா தாண்டி ஓர் எஸ்டேட்டின் சொந்தச் சாலையில், வருடா வருடம் மாசி மாதம், கார் பிரியர்கள் கிளப் ஒன்று மலையேற்றப் போட்டி நடத்தும். ஒவ்வொரு வண்டியாகக் கீழிருந்து மேலே ஏற வேண்டும், யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் முன்னால் கிளப்பின் பழைய டீசல் ஜீப் ஏறும். வழியில் காட்டெருமை நிற்கிறதா என்று பார்ப்பதும், மேலே நிற்கிற ஆட்களுக்கு டீ கொண்டுபோவதும் அதன் வேலை. ஓட்டுகிறவன் கூடலூர்க்காரன் ஷிஜோ. அந்த ஜீப் ஏறும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்கள். ஜீப்பைவிட மெதுவாக ஏறுகிற வண்டிக்குப் போர்டில் பெயர் கிடையாது. யாரோ கிண்டலுக்கு வைத்த விதி, வருடம் போகப் போகச் சட்டமாகிவிட்டது.

போன தடவை ரசியா முதன்முதலாகக் கலந்துகொண்டாள். ஜீப்பிடம் தோற்றாள்.

நான் அங்கேதான் இருந்தேன். பச்சைக் கொடி விழுந்தது. கப்பல் நகரவில்லை. அதாவது நகர்ந்தது, ஆனால் போகலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நகர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதே யோசனை. டீ கேனைப் பின்னால் வைத்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுபோன ஷிஜோ அவளைவிடச் சீக்கிரமாக ஏறியிருந்தான். மார்க்கெட்டில் அதற்குப் பிறகு யாராவது ஜீப் ஹாரன் அடித்தால் எல்லோரும் அவள் கடையைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. கிளப் செயலாளர் இந்துமதி அம்மாள், எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர், மனசு தங்கமானவர். அவர் ரசியாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி, தன்னம்பிக்கை நட்சத்திரம் என்று மைக்கில் சொல்லி, எல்லோரையும் எழுந்து நின்று கைதட்ட வைத்தார். ஜெயித்தவனுக்குக்கூட யாரும் எழுந்து நிற்கவில்லை. ரசியா சிரித்த முகமாக வாங்கிக்கொண்டாள். அந்தச் சால்வையை மறுநாளே கடையில் தொங்கவிட்டு ஒரு டூரிஸ்ட்டிடம் விற்றுவிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். கோப்பை வேண்டாம், சால்வை வேண்டாம். போர்டில் பெயர் வர வேண்டும். அதற்கு ஜீப்பை ஜெயிக்க வேண்டும்.

வண்டி ஏன் யோசிக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போனவள், கடைசியில் வந்து நின்ற இடம் டார்க் கன்வெர்ட்டர். கியர் வண்டியில் கிளட்ச் இருக்கிற இடத்தில் ஆட்டோமேட்டிக்கில் இது இருக்கும். பூசணிக்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை, உள்ளே எண்ணெய், எதிரும் புதிருமாக இரண்டு காற்றாடிகள். ஒன்றை எஞ்சின் சுழற்றும். அது எண்ணெயைச் சுழற்றும். எண்ணெய் மற்றதைத் தள்ளும், வண்டி போகும். அண்டாவில் சாம்பாரை ஒரு கரண்டியால் வேகமாகக் கலக்கினால், உள்ளே விழுந்து கிடக்கிற இன்னொரு கரண்டியும் கூடவே சுற்றுமே, அதுதான். இந்த உதாரணம் என்னுடையது. ரசியா இப்போது இதைத் தன்னுடையது மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வண்டியை நகரவிடாமல் பிரேக்கில் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், எஞ்சின் ஓர் அளவு வரைக்கும்தான் வேகமெடுக்கும். அதற்குமேல் அந்த எண்ணெய் விடாது. அந்த அளவுக்குத்தான் ஸ்டால் என்று பெயர். கப்பலுக்கு இங்கே அது நிமிடத்துக்கு ரெண்டாயிரம் சுற்று. ஆனால் அந்த எஞ்சின் தூக்கம் கலைந்து எழுவதே ரெண்டாயிரத்தெழுநூறில். ஆறாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிசு. கோயம்புத்தூரில் பத்து ஆள் பலம் காட்டுகிற எஞ்சின் இங்கே மூச்சு வாங்கி எட்டு ஆள் பலம்தான் காட்டும். பலம் குறைந்த எஞ்சினை அதே உருண்டை இன்னும் கீழேயே அழுத்தி வைத்துவிடும். வண்டி யோசித்த காரணம் அதுதான்.

மற்றவர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். கியர் வண்டிக்காரன் எஞ்சினை உறுமவிட்டுக் கிளட்சை விடுவான். ஆட்டோமேட்டிக்காரன் இடது காலால் பிரேக்கையும் வலது காலால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்து வளைவில்கூட எஞ்சினைத் தூங்கவிடாமல் வைப்பான். ரசியாவுக்கு இருப்பது ஒரு வலது கால். அதனால் அந்த வேலையை உருண்டையே செய்தாக வேண்டும். ஸ்டால் அதிகமுள்ள கன்வெர்ட்டர் வேண்டும் என்று அவள் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

எவ்வளவு அதிகம் என்பதில் மார்க்கெட்டே இரண்டாகப் பிரிந்தது. டீக்கடையில் ஒரு கோஷ்டி, வைக்கிறதுதான் வைக்கிறாய், நாலாயிரமாக வை என்றது. ரசியா ஒத்துக்கொள்ளவில்லை. ரொம்ப லூசாக வைத்தால் எஞ்சின் மட்டும் கத்தும், எண்ணெய் கொதிக்கும், வண்டி நகராது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் குறையும். தவ்பீக்கின் கோஷ்டி, அதில் தவ்பீக் மட்டும்தான் இருந்தான், இருக்கிறதே போதும் என்றது. அவள் தினமும் ஜெகதளா ஏற்றத்தில் கப்பலை ஓட்டி, எந்த இடத்தில் முதுகு சீட்டில் அழுந்துகிறது என்று கவனித்து, கடைசியாக ரெண்டாயிரத்தெழுநூறு என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் ஒற்றைக்காலில் நின்றாள். நான் இதை அவளிடமே சொன்னபோது, "நான் எப்பண்ணா ரெண்டு கால்ல நின்னேன்" என்றாள்.

கோயம்புத்தூரில் ரமேஷ் என்று ஒருவன். கன்வெர்ட்டர் உருண்டையைக் கடைசலில் வைத்து அறுத்து, உள்ளே தகடுகளின் சாய்வை மாற்றி, மறுபடி ஒட்டி, ஆட்டமில்லாமல் பார்த்துக் கொடுப்பதில் பெயர் வாங்கியவன். கப்பலில் இருந்ததைக் கழற்றி அவனுக்கு அனுப்பினாள். அப்புறம் போனில் சொன்னதை நான் தகரம் வழியாக நன்றாகவே கேட்டேன்.

"ரெண்டாயிரத்தெழுநூறு மேல வரணுங்க. மறந்துறாதீங்க. மேல."

கண்டிப்பாக மேலே வரும், கவலையே வேண்டாம் என்று அவனும் சொல்லியிருக்கிறான்.

தை பிறந்து உருண்டை வந்து சேர்ந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் மாட்டினார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெக்கானிக் இரண்டு காலாலும் மிதித்துப் பார்த்தார். சுற்றைக் காட்டுகிற முள் எழுந்தது, ரெண்டாயிரத்தைந்நூறில் நின்றது. இன்னொரு தடவை மிதித்தார். அங்கேயேதான் நின்றது. ரசியாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

கடைக்கு வந்ததும் ரமேஷைப் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் என்பதால் என் காதுக்கு இரண்டு பக்கமும் கிடைத்தது.

"அக்கா, எழுநூறு மேலன்னு சொன்னீங்க. நான் எண்ணூறே வெச்சுக் குடுத்திருக்கேன். அதே எஞ்சின் இருக்கற வண்டில மாட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புனேன்."

"எழுநூத்துக்கு மேலன்னு நான் எங்கங்க சொன்னேன்? எழுநூறு. மேல. மேலன்னா இங்க."

அந்தப் பக்கம் ரமேஷ் கடைசலை நிறுத்துவது கேட்டது.

"இங்கன்னா எங்கங்க்கா?"

"மேல."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். எங்களுக்கு உலகத்தில் இரண்டே இடங்கள்தான், மேல, கீழ. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எல்லாம் மேல. மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து மிச்சமிருக்கிற பூமி முழுக்கக் கீழ. பிள்ளைகள் எங்கே என்று கேட்டால் கீழ இருக்காங்க என்போம், அவர்கள் சென்னையில் இருப்பார்கள், சிலர் துபாயில்கூட. இதை இங்கே பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கீழே இருக்கிறவனுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் எங்களுக்குத் தோன்றுவதில்லை. அவன் ஊரில் எண்ணூறைத் தாண்டி நின்ற முள், இங்கே வந்ததும் மூச்சு வாங்கி ஐந்நூறில் உட்கார்ந்துவிட்டது. அவன் மேலும் சரி, அவள் மேலும் சரி, குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் இருவரும் ஒரு மணி நேரம் சொன்னார்கள்.

கடைசியில் ரமேஷ் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னான். வந்தான். பர்லியார் தாண்டும்போதே காது அடைத்துவிட்டது என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இறங்கினான். மெல்லிய சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் பல் கிட்டிப்போய் நின்றதைப் பார்த்து, ரசியா முதல் வேலையாக அவனிடம் ஒரு ஸ்வெட்டரை விற்றாள். பிறகு கப்பலில் உட்கார வைத்தாள். அவனே மிதித்தான், அவனே முள்ளைப் பார்த்தான். நிஜமாவே காத்து இல்லைங்க்கா என்றான், நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்கிற மாதிரி.

கன்வெர்ட்டரைக் கழற்றித் தன்னோடு கொண்டுபோனான். உருண்டை திரும்பி வந்தபோது அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தான், கீழ 3000, மேல 2700. எண்ணெய் சூடாகாமல் இருக்க முன்பக்கம் பொருத்துவதற்கு ஒரு கூலரையும் சேர்த்து அனுப்பியிருந்தான். மாட்டிப் பார்த்ததில் முள் எழுநூறில் வந்து நின்றது, ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரசியா கப்பலின் பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள். அன்று மாலை தவ்பீக்கை உட்கார வைத்து ஜெகதளா வரைக்கும் ஓட்டிக் காட்டினாள். திரும்பி வந்தவன் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமலே, நல்லாப் போகுது என்றான்.

பந்தய நாளன்று கடையை மூடிவிட்டுப் போனேன். மூடுகிறேன் என்று ரசியாவிடம் சொல்லவில்லை, வியாபாரம் டல் என்று சொன்னேன். தேயிலைச் சரிவெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஷிஜோவின் ஜீப் டீ கேனோடு முதலில் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்ததும் அதன் நேரத்தைப் போர்டின் அடியில் எழுதி, மேலே ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேலே பெயர் வந்தால் கணக்கில் சேர்த்தி. கீழே என்றால் சால்வை.

ஆளுக்கு இரண்டு தடவை ஏறலாம். ரசியாவின் முறை வந்தது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். கப்பல் ஏற்றத்தில் நின்றபடியே குரலை உயர்த்தியது. கொடி விழுந்தது, கையை விட்டாள், வண்டி அங்கே இல்லை. மேலேயிருந்து வாக்கி டாக்கியில் நேரம் வந்தபோது ஜீப்பை அவள் எங்கேயோ விட்டுவிட்டிருந்தாள். பாதிப் போர்டுக்குப் பெயர் ஏறியது. எல்லோரும் கைதட்டினோம். நான் விசிலே அடித்தேன். இந்த வயசிலா என்று யாரும் கேட்கவில்லை.

கப்பல் இறங்கி வந்து நின்றது. ரசியா சிரித்துக்கொண்டே போர்டை நோக்கி நடந்தாள். போர்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பார்த்தது தன் பெயரை இல்லை, அடியில் எழுதியிருந்த ஜீப்பின் நேரத்தை. போன வருடம் தன்னைத் தோற்கடித்த நேரம் அவளுக்கு மனப்பாடம். இந்த வருடம் ஜீப் அதைவிட ரொம்ப மெதுவாக ஏறியிருந்தது.

ஷிஜோ ஜீப்புக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் போய், வண்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். பனி என்றான். பனி எனக்கும்தானே என்றாள். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"சேச்சி, நான் கொஞ்சம் பதுக்கெ ஓட்டி. சேச்சி பேரு போர்டுல வரட்டேன்னு."

ரசியா திரும்பி நடந்து வந்து, போர்டில் தன் பெயரைத் தன் கையாலேயே துடைத்தாள். இந்துமதி அம்மாள் ஓடி வந்தார். இதிலே என்ன இருக்கிறது, பிரியத்தில் செய்ததுதானே, சந்தோஷமாக எடுத்துக்கொள்ளம்மா என்றார். அவர் சொன்னது மனசிலிருந்துதான் வந்தது. ரசியாவும் கோபமாகப் பதில் சொல்லவில்லை.

"மேடம், ரேசன் கடையில இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லாரும் என்னை முன்னாடி விட்டுட்டாங்க. ஸ்கூல்ல ஓட்டப் பந்தயம்னா பரிசுத் தட்டை என் கையில குடுத்து உக்கார வெச்சுருவாங்க. இத்தனை வருசத்துல ஒரு தடவகூட யாரும் என்னைத் தோக்க விட்டதில்லைங்க. ஷிஜோ நல்லா ஓட்டட்டும். தோத்தா நான் தோத்துட்டுப் போறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் தேயிலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நானும்தான். அவளுக்கு மார்க்கெட்டில் முதலில் இடம் விட்டவர்களில் நானும் ஒருவன், அது தப்பு என்று அன்றைக்கு வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜீப் மறுபடி ஏறுவது என்று முடிவாயிற்று. ஷிஜோ ஏறி உட்கார்ந்ததும் ரசியா ஜீப்பின் பின்கதவைத் தட்டினாள். டீ கேனையும் இறக்கச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேர்மை சரி, டீ கேனையாவது விட்டுவைத்திருக்கலாம் இல்லையா. ஷிஜோவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேனை இறக்கினான், ஸ்டெப்னியையும் இறக்கினான். அந்தப் பழைய ஜீப் அப்படி ஏறி யாரும் பார்த்ததில்லை. கறுப்புப் புகை விட்டுக்கொண்டு போய், போன வருடத்தைவிடவும் சீக்கிரமாக மேலே போய் நின்றது. கோடு போர்டில் ஏறிவிட்டது. ஏற்கெனவே பெயர் வந்திருந்த இரண்டு பேருடைய பெயர்கள் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. அவர்கள் ரசியாவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

துடைத்த நேரம் துடைத்ததுதான், இரண்டாவது ஓட்டம் மட்டும்தான் கணக்கு என்று அவளே சொல்லிவிட்டாள். முதல் ஓட்டத்தின் நேரமே அந்தப் புதிய கோட்டைத் தாண்டப் போதுமானதாக இருந்தது. ஆனால் இதற்குள் வெயில் ஏறிக் காற்று இன்னும் மெலிந்துவிட்டது. முதல் ஓட்டத்தின் சூடு எண்ணெயில் மிச்சமிருந்தது. தவ்பீக் பழத்தை வெளியே எடுத்துவிட்டான். அவன் நின்றுகொண்டிருந்தது தரையில்.

கொடி விழுந்தது. கப்பல் கிளம்பி முதல் வளைவில் மறைந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். போன வருடம் ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சத்தம் செத்துச் செத்து எழுந்தது. இப்போது வளைவில் இறங்கியது, உடனே நிமிர்ந்தது. மறுபடி இறங்கியது, நிமிர்ந்தது. கரண்டி நிற்காமல் கலக்கிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் ஒரு வளைவில் மட்டும் அகலப் போய்விட்டாள் போலிருக்கிறது, டயர் கிறீச்சிட்டது. தவ்பீக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு சத்தம் மேலே போய் நின்றது. வாக்கி டாக்கி கரகரத்தது. இந்துமதி அம்மாள் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார்.

கோட்டை ஒட்டி, கோட்டுக்கு மேலே, கடைசி வரியாக அவள் பெயரை எழுதினார். ஜீப்புக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட இல்லை. பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் வேறெதையோ எழுதப் போனவர், ஏனோ கையை எடுத்துக்கொண்டார். மைக்கைக் கேட்கவில்லை. சால்வையையும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ரசியா இறங்கி வந்தாள். யாரும் கைதட்டவில்லை. கடைசியாக வந்தவளுக்கு யார் கைதட்டுவார்கள். ஷிஜோ மட்டும் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, அடுத்த வருசம் நோக்காம் என்று முறைத்துவிட்டுப் போனான். அவள் போர்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நான் பக்கத்தில் போனேன். அவள் கண்ணில் நீர் நின்றிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"கந்தண்ணா, கடைசிங்க."

ஆமாம், கடைசிதான் என்றேன். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தப் போர்டைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, கடையில் மாட்டியிருக்கிறாள். தகரத் தடுப்பில்தான் மாட்டியிருக்கிறாள். ஆணி இந்தப் பக்கம் என் கடைக்குள் ஒரு விரல் நீளம் வந்துவிட்டது. ஸ்டாலைப் பெருசு பண்ணியதில் என் பக்கம் அவள் பிடித்த இடம் அவ்வளவுதான். நானும் விடவில்லை, அந்த ஆணியில் ஒரு கரண்டியை மாட்டி வைத்திருக்கிறேன்.

ஸ்வெட்டர் வாங்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, நீங்க எத்தனாவது வந்தீங்க என்று கேட்கிறார்கள். அவள் கடைசி என்கிறாள், மார்க்கெட்டின் கடைக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில். நான் இங்கே கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.